எங்கள் தெருவில் ராயபுரம்

பிப்ரவரி 6, செவ்வாய்

பூவம்மாள் இன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள். பதினான்கு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். பன்னிரண்டு வெள்ளித் தேக்கரண்டிகளில் ஒன்று குறைகிறதே, எங்கே என்று கேட்டேன். "என்னயாம்மா கேக்கற?" என்றாள். "இந்த வீட்டுக்குள் வேறு யார் வருகிறார்கள்?" என்றேன். வீட்டுச் சாவியைத் துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டது தவறா? நான் வளர்ந்த கான்வென்ட்டில் எண்ணாமல் எந்த அலமாரியையும் பூட்டியதில்லை.

மாலையில் அன்புசெல்வன் என்று ஒருவர் வந்தார். சினிமாவில் உதவி இயக்குநராம். செருப்பைச் சொல்லாமலே வெளியே விட்டார். அதனால் உட்காரச் சொன்னேன். படப்பிடிப்புக்கு வீடு வேண்டும். கதை சென்னையில், ராயபுரத்தில் நடக்கிறது. அப்படியானால் ராயபுரத்துக்குப் போவதுதானே, கும்மிடிப்பூண்டிக்கு ஏன் வரவேண்டும்?

"அங்க கூட்டத்த சமாளிக்க முடியாதும்மா. இங்கன்னா காலையில எல்லாரும் ஷிப்டுக்குப் போயிடறாங்க, தெருவே காலி. அதுவுமில்லாம ராயபுரமே இப்ப ராயபுரம் மாதிரி இல்ல."

முடியாது என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன். ஓர் ஊரை இன்னோர் ஊராக எப்படி ஆக்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும். அவர் இருந்திருந்தால் கேலி செய்திருப்பார். முப்பது வருடம் உருக்காலையில் எஞ்சினியர். என்னை சினிமாவுக்கு இரண்டே முறை அழைத்துப்போனார். இரண்டு முறையும் தூங்கினார்.

பிப்ரவரி 12, திங்கள்

தெருமுனையில் ராயபுரம் என்று பலகை மாட்டிவிட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து கொண்டுவந்த மீன்வலை எதிர்வீட்டு மாடியில் தொங்குகிறது. என் மதில்சுவரில் தேயிலைச் சாயத்தைத் தெளித்தார்கள். உப்புக்காற்று தின்ற சுவராம்! நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லக்கூடாது. பார்சல் கொண்டுவந்தவர் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போய் போன் செய்தார்: "மேடம், நான் இப்ப எங்க கீறேன்?"

மதியம் சமையலறையில் பிரிட்ஜை நகர்த்தினார்கள். அடியில் கரண்டி.

கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பன்னிரண்டு. யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

பூவம்மாள் வீடு ஐந்து நிமிட நடை. போய்ச் சொல்லவேண்டும். செருப்பை மாட்டினேன், கழற்றினேன். நானா போவது? நான்தான். வேறு யார்? கால் ஏன் வரமாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 14, புதன்

இன்று நான் செத்துப்போனேன்.

கூடத்தில் சாவு வீட்டுக் காட்சி. இறந்த தாயாக நடிக்கவேண்டிய அம்மையார் சுங்கச்சாவடி நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஒத்திகைக்கு மேக்கப் பெண் படுத்தாள். இமை துடிக்கிறது, எச்சில் விழுங்குகிறாள். "பிணம் விழுங்காது" என்றேன். அன்புசெல்வன் என்னையே பார்த்தார். "அப்ப நீங்களே படுத்துக் காட்டுங்கம்மா." படுத்தேன். என்னையே வைத்து எடுத்துவிடலாம் என்றார்கள். மாலை, பன்னீர், எல்லாம் சரி. மூக்கில் பஞ்சு வைக்க மட்டும் விடவில்லை.

அழுவதற்கு ஆறு பெண்கள், நம் ஊர்க்காரர்களே. கண்ணை மூடுமுன் பார்த்துவிட்டேன். முதல் ஆள் பூவம்மாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"வசனம் எதுவும் இல்ல, உங்க ஊர்ல அழற மாதிரியே அழுங்க" என்றார் இயக்குநர்.

அழுதாள்.

"யம்மா... தரைய மூணு வாட்டி தொடைக்கச் சொல்வியே, இப்ப தரையிலயே படுத்துகினியே! டீயில சக்கர கம்மின்னா நாலு நாளு பேசமாட்டியே, இப்ப பேசாமலே பூட்டியே! கரண்டிய எண்ணி எண்ணிக் கண்ண மூடிகினியே, எண்ணி முடிச்சியாம்மா? பன்னெண்டும் வந்துச்சாம்மா? பதினாலு வருசம் உன் ஊட்டுச் சாவி என் இடுப்புல கெடந்துச்சே, அத்த எண்ணினியாம்மா?"

கடைசியில் குரல் உடைந்தது. நடிப்பா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன், தெரியவில்லை. என் கண்ணோரம் நனைந்துவிட்டது. இயக்குநர் நிறுத்தச் சொன்னார். பிணம் அழுகிறதாம். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அத்தனையும் சொன்னாள், புதிதாக இரண்டு சேர்த்து.

முடிந்ததும் ஒரு வழக்கம். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆகாதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரவாயில்லை, அடுத்த ஷாட் என்றார் இயக்குநர். பூவம்மாள் வழியை மறித்து நின்றாள். "இன்னாய்யா பரவால்ல? அது சிரிக்காம யாரும் நவரக்கூடாது! சிரிம்மா. ஐயோ, சிரியேன்!"

அவள் முகம் வெளுத்திருந்தது. இது நடிப்பில்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "பன்னிரண்டும் இருக்கிறது பூவம்மா. பிரிட்ஜுக்கு அடியில் கிடந்தது. திங்கட்கிழமையே கிடைத்துவிட்டது. உன்னைக் கேட்டது என் தப்பு."

இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "செத்தப்புறந்தான்யா இதும் வாயில உண்மை வருது!" என்றாள்.

சிரித்துவிட்டேன். பல் தெரிய, வயிறு வலிக்க. மதர் சுப்பீரியர் பார்த்திருந்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்.

பிப்ரவரி 15, வியாழன்

காலை ஏழு மணிக்குப் பூவம்மாள் வந்தாள். ஆணியில் தொங்கிய சாவியைத் தானே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

படம் வந்துவிட்டது. பூவம்மாளும் நானும் பகல் காட்சிக்குப் போனோம். நான் தூங்கவில்லை. திரையில் எங்கள் தெரு முழுக்க முழுக்க ராயபுரம், நானே நம்பிவிட்டேன். ஆலையின் ஷிப்டு சங்கு துறைமுகத்தில் கப்பல் ஊதுவதாகிவிட்டது. தினம் கேட்கிற சத்தம் — எனக்கே கடல் தெரிந்தது! இனி அது ஊதும்போது நான் எதைக் கேட்பேன்?

என்னில் வந்தது இரண்டு பாதங்கள் மட்டும். பூவம்மாள் முகம் நாலு விநாடி, வாய் அசைகிறது. மேலே வயலின்.

"நான் கத்தினது பூராத்தையும் தூக்கிட்டானுங்கம்மா!" என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

"என் காதில் விழுந்ததே, போதாதா?" என்றேன்.

வீட்டில் டீ போட்டுக் குடித்தோம். சர்க்கரை கம்மி, சொல்லவில்லை. பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பழக்கத்தில் கரண்டிகளை எண்ணினேன். பதினொன்று.

பெட்டியை மூடிவிட்டேன்.