பொட்டு வைத்த பிரிண்டர்

அக்கா,

இன்று காலை பிரிண்டரிலிருந்து வந்த தாள் சூடாக இருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். மை வாசனை. உடனே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்தபடி.

பத்து பாகாட் ஊரில் நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வேலிதான் இருந்தது. நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பேன். நீங்கள் மாதா கோயிலில் வாசகம் படிப்பீர்கள். ஒரு வருடம் ஈஸ்டருக்கு முன்னால் வேலியோரம் வந்து நின்றீர்கள். "பாதர் என்னை ஓய்வெடுக்கச் சொல்லிட்டாரு. எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுது."

"அதான் உங்களுக்கு மனப்பாடமாத் தெரியுமேக்கா?"

"மனப்பாடமாச் சொல்றது வாசிக்கிறதா, லெட்சுமி? நான் வாசிக்கணும் லா. இன்னும் ஒரே ஒரு தடவை."

செனாயில் இஞ்சினியராக இருக்கும் என் பேத்தியிடம் சொன்னேன். அந்த வாரமே பிரிண்டர் வந்து இறங்கியது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் விட்டுப்போன கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேனே தவிர, தொட்டதில்லை.

அவள் போனில் முகம் காட்டிச் சொல்லச் சொல்ல, நாம் இருவரும் செய்தோம். உள்ளே ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்தோம். மைப்பெட்டியை அழுத்தியபோது 'டக்'கென்ற சத்தத்துக்கு நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். கம்பியைச் செருகியதும் திரையில் பிரிண்டரின் பெயர் வந்துவிட்டது. யாரும் சொல்லாமலே ஒன்றையொன்று தெரிந்துகொண்டன! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

புது சாமான் வந்தால் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூடியைத் திறந்தேன். உள்ளே நகல் எடுக்கும் கண்ணாடி, ஒரு முகம்போல. அதன் நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து வைத்துவிட்டேன்.

உங்கள் வேதப் புத்தகத்தை அதன்மேல் கவிழ்த்தோம். அடியில் ஒரு வெளிச்சம் ஊர்ந்து போனது. பக்கம் அப்படியே திரையில் நின்றது. "பெருசாக்குங்க பாட்டி, இன்னும், இன்னும்" என்றாள் பேத்தி. தாள் வெளியே வந்தது. ஒவ்வொரு எழுத்தும் எலுமிச்சம்பழம் அளவு. உச்சியில், நட்ட நடுவில், சிவப்பாக ஒரு பொட்டு.

"அலமாக்! வேதப் புத்தகத்துக்கே பொட்டு வச்சிட்டியாடி?"

பதறிப்போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"விடு, விடு. இது எனக்கு நல்லாத் தெரியுது. எது மேல்பக்கம்னு இனிமே தேட வேண்டாம்."

பிறகு முதல் வரியை வாசித்தீர்கள். விரல் வைக்கவில்லை. தடுமாறவில்லை. ஒரு பெட்டி, கொஞ்சம் மை, ஒரு கம்பி. அது ஒரு மனுஷிக்கு எழுத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதே என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

ஈஸ்டர் பூசைக்கு நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீங்கள் ஒவ்வொரு தாளாகத் திருப்பும்போதும் சிவப்பாக ஒன்று மின்னி மறைந்தது. வெளியே வந்ததும் என் காதில் சொன்னீர்கள்: "அது என்ன சிவப்புன்னு பாதர் கேட்டாரு. பக்கத்து வீட்டு ஆசீர்வாதம்னு சொல்லிட்டேன்."

நீங்கள் கர்த்தரிடம் போய்விட்டீர்கள். இப்போது உங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். என் கண்ணிலும் எறும்பு ஓடத் தொடங்கிவிட்டது. இன்று காலை எடுத்தது என் தேவாரப் பக்கம். எலுமிச்சம்பழ எழுத்து, உச்சியில் பொட்டு. போன வாரம் வந்த பேத்தி, "கண்ணாடியில என்னமோ அழுக்கு பாட்டி" என்று துணியை எடுத்தாள். "அத மட்டும் தொடாதம்மா" என்றேன்.

இந்த மடலை முடித்ததும் இதையும் கண்ணாடியில் கவிழ்ப்பேன். 'அக்கா' என்ற சொல்லுக்கு மேலே பொட்டு விழும். அங்கிருந்து வாசிப்பேன், வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி.