சித்தி வீட்டுப் பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று முழிக்காதே, சித்தப்பா இப்போது நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது.

மலையைக் கண்காணிக்கிற அந்த அறையில் அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டாயே. மலைச்சரிவு முழுக்கக் கையகலப் பெட்டிகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பேட்டரி, ஒரு சின்ன ரேடியோ, மண் அசைந்தாலோ ஈரம் ஏறினாலோ கண்டுபிடிக்கிற சென்சார். ஒயரே கிடையாது. ஒரு பெட்டி தன் சேதியைப் பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு, இப்படிக் கைமாறிக் கைமாறி எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். நடுவில் ஒன்று செத்தால் மற்றவை வேறு வழி பார்த்துக்கொள்ளும். பேட்டரி தீராமலிருக்க முக்கால்வாசி நேரம் தூங்கும், விழித்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கும், உன் அப்பா மாதிரி. வயலுக்குத் தண்ணீர் விடவும், பாலத்தில் விரிசல் பார்க்கவும், மருந்து வைக்கிற குளிர் அறைக்கும்கூட இதே பெட்டிகள்தானாம், உங்கள் ஆஸ்பத்திரியிலும் இருக்கும், கேட்டுப் பார். எங்கள் திரையில் ஒரு பெட்டிக்கு ஒரு புள்ளி, அது சிவந்தால் கீழ்த்தெருவைக் காலி பண்ணச் சொல்வது என் வேலை. சித்தி போன அன்று புள்ளி சிவப்பதற்கும் மண் இறங்குவதற்கும் நடுவே மூச்சு விட நேரமில்லை.

வீட்டோடு அவளை மண் மூடியதும், தோண்டித் தோண்டிக் கிடைக்காமல் விட்டதும் உனக்குத் தெரியும். அவள் அடுப்படிச் சுவரிலும் ஒரு பெட்டி இருந்தது. அது மண்ணுக்குள்ளிருந்து பேசிக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியாது. பெரிய சேதி ஒன்றுமில்லை, சாய்வு இவ்வளவு, சூடு இவ்வளவு, அவ்வளவுதான். முதல் தடவை திரையில் பார்த்தபோது பெட்டியின் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன். எங்கள் இன்ஜினியர், சோடாபுட்டி என்பேனே, அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து தினமும் வந்து நிற்பார். அண்ணி, வந்துச்சா என்பார். வந்துச்சு என்பேன். இன்னிக்குச் சூடு கொறஞ்சிருக்கே, அவளுக்குக் குளிர் ஆகாதே என்பார். மண்மேட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்.

போன வாரம் மேல்வரிசைப் பெட்டிகள் மெல்ல நகர ஆரம்பித்தன. தெருவே காலியாகிவிட்டது, இவர் மட்டும் அசையவில்லை. அப்பா கெஞ்சினார், திட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அவ பேசிட்டிருக்கும்போது எப்படி அண்ணி விட்டுட்டு வர்றது என்றார். நான் நேரே வேலைக்குப் போய், எழுப்பும்வரை தூங்கு என்று அந்தப் பெட்டிக்குக் கட்டளை அனுப்பிவிட்டேன். சோடாபுட்டி பார்த்தான், பார்த்துவிட்டுத் தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டான். சித்தப்பா வந்து கேட்டதும், வரலை, பேட்டரி தீர்ந்துபோச்சு என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் நிற்கும்போதே சித்தி வீட்டுச் சேதி ஒன்று திரையில் வந்து விழுந்தது. நான் தூங்கவைப்பதற்கு முன்பே அனுப்பியதாம், பக்கத்துப் பெட்டியில் தேங்கி நின்று பிந்தி வந்ததாம், சோடாபுட்டி பிறகு சொன்னான். நான் முதுகால் திரையை மறைத்துக்கொண்டு, வாங்க தம்பி, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

மலை இன்னும் விழவில்லை, அதனால் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பேட்டரி தீர்ந்த பெட்டி மறுபடி பேசுமா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்கிறார். பேசினால் அந்த நிமிஷமே கொட்டகைக்குப் போய்விடுவார். எனக்கோ, வேலையில் போய் உட்கார்ந்தால் தூங்கும் அந்தப் பெட்டியின் சாம்பல் புள்ளி என்னையே பார்க்கிறது. ஒரு பட்டனைத் தட்டினால் பேசும். என் ஓரகத்தியோடு நான் போடாத சண்டையா, அப்போதெல்லாம் அவள் வாயை அடைக்க முடிந்ததில்லை, இப்போது பொத்திவிட்டேன். தப்பு என்று எனக்குப் பாடம் எடுக்காதே, இன்னொரு ஆளையும் அந்த மண்ணுக்குக் கொடுக்க என்னால் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவு வேலை முடிந்தால் தனியாக நடந்து வராதே. நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சித்தப்பா போனை வாங்குவார். என் பேச்சை அவர் பாதிதான் நம்புகிறார், பாப்பா பொய் சொல்லாது, அதுகிட்டயே கேட்டுக்கறேன் என்று காத்திருக்கிறார். பேசுமா என்று கேட்பார். பேசாது என்று சொல்லு.

உன் அம்மா