யாருக்கும் வேண்டாத சோபா

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். அப்பாவின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம்.

நீங்கள் பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. விவாகரத்தில் சொத்துப் பிரிக்கும் வேலை நேற்று வக்கீல் அறையில் முடிந்தது. ஒன்றரை வருடக் கல்யாணம், பிள்ளைகுட்டியும் இல்லை. அதனால் அவரவர் கொண்டுவந்தது அவரவருக்கு, சேர்ந்து வாங்கியது பாதிப் பாதி என்றார் வக்கீல். வாடகை வீட்டு அட்வான்ஸுக்கு அப்பா கொடுத்த பணி ஓய்வுப் பணத்தையும் பாதியாக வெட்டிவிடுவாரோ என்று கேட்க வாயெடுத்தேன். உங்கள் மருமகள் முந்திக்கொண்டாள்.

"அது மாமா காசு சார். அதுல கை வைக்காதீங்க."

முழுப் பணமும் அப்பாவுக்கே வந்துவிடும்.

சண்டை வந்தது சேர்ந்து வாங்கிய சோபாவுக்குத்தான். "நீயே வெச்சுக்கோ" என்றேன்.

"ஐயோ சாமி! உங்க குறட்டை பூரா அதுலதான் இருக்கு. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வக்கீல் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். கல்யாண ஆல்பத்தில்கூட நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. இன்று ஆபீஸில் எல்லாரும், "என்ன சார், முகம் தெளிஞ்சிருக்கு?" என்கிறார்கள்.

படியிறங்கும்போது, "மாமாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நீங்கள் எழுதினால் சொல்லிவிடுகிறேன்.

அம்மா, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடவேண்டும்? நான் வைப்பது மூன்று வேளைக்கு மிஞ்சுகிறது. ஞாயிற்றுக்கிழமை போனை உடனே வைத்துவிடாதீர்கள்; எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

சோபா வாங்க ஆள் வந்து பெல் அடிக்கிறார். அவர் உட்கார்ந்து பார்ப்பதற்குள் விற்றுத் தள்ளிவிட வேண்டும், ஓடுகிறேன்.

உங்கள் மூத்தவன்