எரியும் நகரத்துக்குத் தண்ணீர்

பாப்பா அப்பாவுக்கு,

உங்களுக்குப் போன் போகவில்லை. நேற்று அனுப்பிய மெசேஜும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. லைன் வந்ததும் இதைப் படியுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது.

செய்தி வைத்தால் குண்டு விழுந்து எரிகிற இடம் என்று நீங்கள் இருக்கும் ஊர்ப் பெயரையே சொல்கிறார்கள். அதனால் பாப்பாவின் கார்ட்டூன் தொடரைப் போட்டுவிடுகிறேன். அதில் நெருப்பு மந்திரக்காரர்களின் படை ஒரு நகரத்தைக் கொளுத்துகிறது. தண்ணீர் மந்திரம் தெரிந்த ஒரு சிறுமி ஆற்றையே தூக்கிக்கொண்டு வருகிறாள்.

நேற்று பாப்பா வாய்க்காலில் இறங்கி இரண்டு கையையும் உயர்த்தி நின்றாள்.

"என்னடி பண்றே?"

"அப்பா ஊருக்குத் தண்ணி அனுப்புறேம்மா."

அங்கே நடப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லைங்க.

இன்று அவள் பள்ளிக்கூடம் போனதும் நான் தனியாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அந்த நகரத்தில் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். திரும்பவும் போட்டுப் பார்த்தேன், பிழைத்துவிட்டார்கள்.

பாப்பாவின் அம்மா