வயசை மட்டும் தனியா எழுதுங்க

இன்று காலை வீட்டு எலுமிச்சைச் செடியைக் கத்தரித்தேன். விரலில் இலையின் வாசம் ஒட்டிக்கொண்டதும் நீங்கள் வந்துவிட்டீர்கள், டாக்டர். பிரேதப் பரிசோதனை முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகும், பிணவறைக்குப் பின்னால் நிற்கும் எலுமிச்சை மரத்தில் இரண்டு இலை பறித்துக் கசக்கிக்கொண்டேதான் என் ஆவண அறைக்குள் நுழைவீர்கள். "சாமி, டீ சொல்லியாச்சுங்களா?" என்பீர்கள். உங்களைவிட ஒரு வயது மூத்த எழுத்தரான என்னைச் சாமி என்று வாஞ்சையாகக் கூப்பிட்ட ஒரே டாக்டர் நீங்கள்.

பழைய பிரேதப் பரிசோதனைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்த வருடம்தான் நாம் நெருங்கினோம். அந்த நோட்டுகளில் இருந்த கையெழுத்து எனக்குப் புரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் வந்து உட்கார்ந்து வாசித்தீர்கள். நான் தட்டச்சு செய்தேன். கொலை என்று முடிந்தவற்றுக்கு மட்டும், "வயசைத் தனியா ஒரு தாள்ல எழுதுங்க" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன்.

"தெரியலீங்க. வாசிக்க வாசிக்க என்னமோ மாறுது."

மாறித்தான் இருந்தது. மிகப் பழைய நோட்டுகளில், நாள் கணக்கில் வயது எழுதிய பெண் குழந்தைகள். அந்தப் பக்கங்களில் உங்கள் குரல் தணிந்துவிடும். அதற்கடுத்து, வருடக்கணக்காக, இருபதைத் தாண்டிய வாலிபர்கள்: வாய்க்கால் தண்ணீர், வரப்பு, குடி என்று தகராறுகள். பின்னால் வந்த நோட்டுகளில் குழந்தைகள் இல்லை, வாலிபர்களும் குறைந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "கொழந்தைங்கள உட்டுட்டாங்களா, இல்ல பொறக்கறதுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்களான்னு இந்த நோட்டு சொல்லாதுங்க" என்றீர்கள். ஒரு ஆஸ்பத்திரியின் நோட்டை வைத்து ஊரையே அளக்கக் கூடாது என்றும் சொன்னீர்கள். ஆனாலும் கடைசி நோட்டுகளில் வயது ஏறிக்கொண்டே போனது இருவர் கண்ணிலும் பட்டது. அறுபதுக்கு மேல், எழுபதுக்கு மேல். தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தவர்கள். பிள்ளைகள் வெளியூரில்.

ஒரு பாட்டியம்மாளின் பெயரில் வாசிப்பதை நிறுத்தினீர்கள். "உங்கம்மா புதுச்சத்திரத்துத் தோட்டத்துல தனியாத்தானுங்க இருக்காங்க? கடைசியா எப்பப் பேசுனீங்க?"

பதினோரு நாள் ஆகியிருந்தது. சொல்லக் கூசியது. நீங்கள் திட்டவில்லை. "எங்கய்யனும் மோகனூர்ல தனியாத்தான் இருக்கறாரு. நானும் யோக்கியன் இல்லீங்க" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் காரில் அம்மாவைப் பார்க்கப் போனோம். "எனக்கென்னுங்க டாக்டரு, நாய் இருக்குது" என்றார் அம்மா. அந்த நாய் உங்கள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது. "இதுங்களா காவலு?" என்று நீங்கள் கேட்க, அம்மா வெகுநேரம் சிரித்தார். அப்புறம் வெயிலோடு சுற்றுப்பட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் நடந்தீர்கள். தனியாக இருக்கும் ஒவ்வொருவருக்கும் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளிடமிருந்து ஒரு போன்; எடுக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் உங்கள் ஏற்பாடு. அடுத்த வாரம் உங்கள் அப்பா இருக்கும் மோகனூரிலும் அதையே செய்தீர்கள். அவருக்கு நீங்களே பேசினீர்கள்.

மறு வருடம் ஐப்பசி மழையில் ஒரு காலை அம்மா போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஓடிப் பார்த்தபோது, குளியலறைப் பாசியில் வழுக்கி விழுந்து, இடுப்பு உடைந்து கிடந்தார். சீக்கிரம் தூக்கி வந்ததால் பிழைத்தார். வார்டுக்கு வந்த நீங்கள், "கொலைகாரனுக்குப் பயந்து ஏற்பாடு பண்ணுனோம். பாசி வந்து மாட்டிக்கிச்சுங்க" என்று சிரித்துவிட்டு, அம்மாவின் கையை விடாமல் நின்றிருந்தீர்கள்.

போன பங்குனியில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்த மறுநாள் காலை, ஏழு மணிக்கு, அம்மா போனில் கேட்டார். "எனக்குப் பேசிட்ட. டாக்டரோட அய்யனுக்கு இனி ஆரு பேசறது?"

அன்றிலிருந்து நான்தான் பேசுகிறேன், டாக்டர். முதல் நாள் நான் யாரென்று சொல்லி, அம்மா கேட்டதையும் சொன்னேன். இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.

"இருக்கறேன் தம்பி" என்கிறார். "உங்கம்மா எடுத்தாங்களா?"