என் சாவுச் செய்தி உன் பெயரில் வந்தது

மகன் பாஃபோருக்கு, உன் அப்பா உயிரோடுதான் இருக்கிறேன் என்பதையே முதலில் எழுதவேண்டி வந்துவிட்டது. டொராண்டோ குளிரில் நீ சுகமாக இரு. நான் சொல்லச் சொல்ல, போன் ரிப்பேர்க் கடை செர்வா எழுதுகிறாள். கோகோ விளைச்சல் இந்த வருஷம் பரவாயில்லை, ஆடு இரண்டு குட்டி போட்டது, அதில் ஒன்று நொண்டி, சரி அதை விடு. போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் ஃபூஃபூ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அத்தை அஃபுவா மொட்டைத் தலையும் கறுப்புத் துணியுமாக, "என்ன விட்டுட்டுப் போயிட்டியே தம்பி" என்று வாசலில் வந்து விழுந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் அலறிய அலறலில் கோழியெல்லாம் கூரையில் ஏறிவிட்டது. பின்னாலேயே சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி கட்டி இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் பெயரிலேயே என் சாவுப் போஸ்டர் வந்திருக்கிறது. உன் கல்யாணத்தில் கென்டேத் துணி கட்டி நான் நின்ற படம், கீழே வயது எண்பத்தொன்று. எனக்கு எழுபத்துநாலுதான், ஏழு வருஷம் எவனோ தானமாகக் கொடுத்திருக்கிறான். சாவுக் காணிக்கைப் பணம் அனுப்ப ஒரு போன் நம்பர். வரமுடியாதவர்கள் எல்லோரும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் போஸ்டரை நான் அனுப்பவில்லை அப்பா என்று நீ போனில் அழுதாய், நம்புகிறேன். ஆனால் குமாசியை விட்டுக் கிளம்பிய அவசரத்தில், சர்ச்சில் உன்னோடு நின்று பாடுகிறவன்தானே என்று ஒருவனுக்குப் பாஸ்வேர்டையும் சொல்லி லேப்டாப்பை விற்றது நீதானே? அவன் யாருக்கு விற்றானோ. செர்வா சொல்கிறாள்: "படத்தையெல்லாம் குப்பைத்தொட்டியில தள்ளிட்டா அழிஞ்சிடுமா மாமா? எல்லாத்துலயும் வெளிய வந்து, முழுசாத் துடைச்சுட்டுல்ல குடுக்கணும். தெரியலன்னா உள்ள இருக்கிற டிஸ்கைக் கழட்டி வச்சுக்கணும். பாட்டு நல்லாப் பாடுனா பாஸ்வேர்டைக் குடுத்துடுவானா உங்க புள்ள?" இந்த இடத்தில் நான் ஒரு வசவு சொன்னேன், எழுதமாட்டேன் என்கிறாள்.

இப்போது எனக்குக் குடலிறக்கம், நடந்தால் உயிர் போகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்கச் சொந்தத்தில் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொல்கிறார் டாக்டர். யாருக்குப் போன் பண்ணினாலும், "மறுபடி ஆரம்பிச்சுட்டானுங்கடா" என்று வைத்துவிடுகிறார்கள். உன் அத்தையே, "என் தம்பி மாதிரியே பேசக் கத்துக்கிட்டியா, திருட்டுப்பயலே" என்று திட்டினாள். நாளைக்கு வலியோடு வேன் ஏறி, அவள் வீட்டு வாசலில் நானே போய் நிற்கப்போகிறேன்.

வேறு லேப்டாப் வாங்கப்போகிறாயாம். பழையதை உன் கையாலேயே துடைக்காமல் யாருக்கும் கொடுக்காதே, அவன் பாஸ்டராகவே இருந்தாலும். கடவுள் உன்னையும் உன் பெண்டாட்டியையும் நன்றாக வைக்கட்டும். ஒன்று மறக்காதே. நான் நிஜமாகவே போகிற நாளில் போனில் சொல்லாதே, ஒருத்தரும் வரமாட்டார்கள். விமானம் ஏறி வந்து, வீடு வீடாகப் போய் நீயே சொல்.

உன் அப்பா,
க்வாகு டங்குவா