யாருக்கும் சொல்லாத ஒப்பரேசன்

கல்லடி,
ஆனி மாதம், ஞாயிறு.

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு, அம்மா எழுதுவது. சுவிசில் நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று கண்ணகை அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே அப்பா சுகம். தம்பி லக்ஷன் கரடியனாற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய்வருகிறான், மோட்டார் சைக்கிளில் வெயில் குடித்துக் கறுத்துப்போனான். நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது மகள்.

போன கிழமை நீ போனில் குரலைத் தாழ்த்தி, வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கிற ஒப்பரேசன் செய்யப்போறன், அவரிட்ட சிநேகிதி வீட்ட போறன் எண்டுதான் சொல்லப்போறன், நீங்களும் மூச்சு விட்றாதீங்க அம்மா என்றாய். நான் ஓம் ஓம் என்று வைத்துவிட்டேன். சித்திரையில் கொழும்புக்குச் சின்னம்மா வீட்டுக்கென்று போனேனே, அது இதே ஒப்பரேசனுக்குத்தான். வைகாசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கிடந்ததும் காய்ச்சலால் இல்லை. எழுதும்போதே முகம் சுடுகிறது. ஐம்பது தாண்டியவளுக்கு இது என்ன கேடு என்று நினைப்பாய். அதற்கு முந்தி காத்தான்குடிக்குச் சேலை எடுக்கப் போன பஸ்ஸில் ஒரு இளந்தாரி எழும்பி, வாயும் வயிறுமா நிக்கிறாங்க, இருக்க விடுங்க என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பஸ்ஸே கிறுகிப் பார்த்தது. அவன் நல்ல பிள்ளை, பாவம். எனக்குத்தான் இறங்கும்வரை தலை நிமிரவில்லை.

ஒப்பரேசன் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது, வயிற்றுப் பட்டியைக் கழற்றக் கூடாது என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பிழை என்னில்தான். சிகரெட் பிடிப்பீங்களா என்று கேட்டதற்குச் சீ என்றேன், வெற்றிலையோடு புகையிலை போடுவதைச் சொல்லவில்லை. அதுவும் காயத்தை ஆற விடாதாம். வீட்டுக்கு வந்து அப்பாவைத் தவிர ஒருவருக்கும் மூச்சு விடாமல் இருந்தேன். அதற்குள் அம்மன் கோயில் சடங்கு வந்து, நெல்லுக் குத்த என்னையும் கூப்பிட்டார்கள். ஏலாது என்றால் ஏன் என்பார்கள். மாதத் துடக்கு வருகிற வயதுமில்லை, வீட்டில் சாவுமில்லை, என்னத்தைச் சொல்ல? ஒண்ணா, ஏலாது எண்டு சொல்லன் என்று அப்பா கெஞ்சினார், அவரையும் ஏசிவிட்டுப் போனேன். உரலைச் சுற்றி எல்லாரும் குரவை போட, உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டேன். பட்டிக்குள் ஏதோ விட்டது. குனிந்து பார்த்தால் சேலையில் இரத்தம். அம்மனுக்குக் குத்துகிற நெல்லுக்குப் பக்கத்தில் மகள்! உரலை ஒதுக்கி, இடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்களாம். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் பிள்ளை, இது எங்க செய்த ஒப்பரேசன் என்று கேட்டபோது என்னோடு நெல்லுக் குத்திய இராசாத்தி மச்சாளும் பக்கத்தில்தான் நின்றாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா உலக்கையை உன்ட கையில தந்திருப்பமா என்று அழுதாள். அந்தச் சொல்லை நினைத்து நினைத்து இப்போதும் கூசிப்போகிறேன்.

செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. செய்வதானால் தெரிந்துகொண்டு செய். இது உடம்பு மெலிய வைக்கிற வைத்தியமில்லை, தொங்குகிற தோலை எடுத்து, விலகிப்போன தசையை இழுத்துத் தைப்பது. இன்னொரு பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால் பெற்ற பிறகு பார். அடிவயிற்றில் ஒரு இடுப்பிலிருந்து மற்ற இடுப்புவரை தழும்பு, அது மங்கும், போகாது. முதலில் நீர் வடியக் குழாய் வைப்பார்கள், கூனிக்கொண்டுதான் நடப்பாய், தொட்டால் மரத்த மாதிரி இருக்கும். அதற்காகப் படுத்தே கிடக்காதே, மெல்ல மெல்ல நட. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிசமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குடிக்கிற மருந்து எல்லாம், நாட்டு மருந்தானாலும், டொக்டருக்குச் சொல். சின்னவன் தூக்கச் சொல்லிக் காலைக் கட்டுவான், தூக்க ஒண்ணா. ரெண்டு மூன்று நாளில் வந்து சோறு கறி சமைக்கலாம் என்று நினைக்கிறாயே, கட்டிலால் எழும்பவே ஒரு ஆள் கை தர வேணும். சிநேகிதி வீட்டில் இருந்து வந்தவளுக்கு யார் கை தருவார்கள் மகள்?

மருமகனிடம் சொல். உன் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு. மாமியின் வயிற்றுக் கதையை மருமகன் வாசிப்பது எனக்கு எவ்வளவு மானக்கேடு என்று உனக்குத் தெரியும். இனி அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ தெரியாது. வாசிக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். அம்மன் உன்னைக் கைவிடமாட்டா, நல்லா இரு. குளிருக்குக் காலுறை போடு. கடிதத்தைக் கிழித்து மட்டும் போட்டுவிடாதே.

உன்னைப் பெற்ற அம்மா,
கேதீஸ்வரி